பறி கடித்த வாய்

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று என் காதுபட யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். சொன்னவர் பெரியவரா சின்னவரா என்று பார்க்க மாட்டேன். எட்டு வயதில் என் உடம்பில் ஏறிய ஒரு பழக்கத்தை நாற்பது வயதில் நான் பிடுங்கிப் போட்டிருக்கிறேன். அதுவும் டச்சுக்காரர்கள் என்கிறார்களே, அந்த உலாந்தாக்காரர்களின் விளையாட்டுக் கோலைக் கையில் வைத்துக்கொண்டு, கோட்டையே கூடி நின்று சிரிக்கும்போது. எனக்கு எழுத வராது. நான் சொல்வதை ஓலையில் எழுதுகிறவர் என் பேச்சைத் திருத்தித்தான் எழுதுகிறார். எழுதட்டும். திட்டுகிற இடங்களில் மட்டும் கை வைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

எங்களிடம் வலையும் கிடையாது, படகும் கிடையாது. பழவேற்காட்டு ஏரியில் எங்கள் ஆட்களுக்குக் கைதான் வலை. ஆழமில்லாத தண்ணீரில் உட்கார்ந்து, முட்டியால் நகர்ந்து நகர்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறாலை ஒதுக்கிப் பிடிப்போம். பிடித்ததைப் போடப் பனையோலையில் பின்னிய ஒரு கூடை உண்டு. பறி என்போம். கை இரண்டும் சேற்றுக்குள் இருக்கும்போது பறியை எங்கே வைப்பது? அதன் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொள்வோம். அது முகவாய்க்குக் கீழே மிதந்தபடி கூடவே வரும். எட்டு வயதில் என் நைனா என் வாயில் முதல் பறியை வைத்தார். அன்றிலிருந்து கை வேலையில் இறங்கினால் வாய் தானாக மூடிக்கொள்ளும். அது ஒரு பழக்கம் என்றே எனக்குத் தெரியாது. மூச்சு விடுவதைப் பழக்கம் என்று யாராவது சொல்வார்களா?

ஏரிக்கரையில் உலாந்தாக்காரர்களின் கோட்டை மதிலை ஒட்டி ஓர் ஓடை ஓடுகிறது. ஏரித் தண்ணீர் அதன் வழியாகத்தான் அகழிக்குள் போகும். ஐப்பசி மழை கொட்டிய பிறகு ஏரியில் எங்கே இறங்கினாலும் கழுத்துக்கு மேல் தண்ணீர். படகு இல்லாதவர்களுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. அந்த மூன்று மாதமும் ஓடைதான் எங்களுக்குச் சோறு போட்டது. இறால் தானாக வந்து அங்கே ஒண்டும். உலாந்தாக்காரர்கள் வந்து மதில் கட்டுவதற்கு முன்பே எங்கள் ஆட்கள் அங்கே துழாவிக்கொண்டிருந்தார்கள் என்று என் நைனா சொல்வார். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

ஒரு மார்கழிக் காலை. பனி இறங்கி எதிரில் இருப்பவர் முகம் தெரியவில்லை. மதில்மேல் நின்ற சிப்பாய் யாரது என்று அவன் பாஷையில் குரல் கொடுத்தான். அந்த ஒரு கேள்வி மட்டும் எங்கள் எல்லோருக்கும் புரியும். மதிலுக்கு நேர் கீழே இருந்தவர் என் வீட்டுக்காரர். அவர் பல்லில் முக்கால் பறி இறால் தொங்கிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தால் விடியலிலிருந்து பிடித்த அத்தனையும் தண்ணீரோடு போகும். அதனால் ம்ம் என்றார். சிப்பாய் மறுபடி கேட்டான். இவர் மறுபடியும் ம்ம் என்றார். வெடிமருந்துக் கிடங்கு அந்தப் பக்கம்தான் இருந்தது. எவனோ சத்தம் போடாமல் சுவரேறப் பார்க்கிறான் என்று நினைத்தானோ என்னவோ, இறங்கி வந்து துப்பாக்கிக் கட்டையால் முகத்தில் ஓங்கி அடித்தான். முன்பல் நான்கும் பறியோடு போயின.

நான் பத்தடி தள்ளி இருந்தேன். அவன் கேட்டதும் இவர் முனகியதும் அடி விழுந்ததும் என் காதில் விழுந்தன. நானும் வாயைத் திறக்கவில்லை. பயத்தில் பறியை இன்னும் இறுக்கிக் கடித்தேன். இதை நான் வெகுநாள் யாரிடமும் சொல்லவில்லை, அவரிடம்கூட. உங்களுக்கும் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

மறுநாள் தண்டோரா போட்டார்கள். கூப்பிட்டால் பதில் சொல்லாத கூட்டம் இனி ஓடையில் இறங்கக் கூடாது, இறங்கினால் சுடுவார்கள் என்று. அடி வாங்கியதும் நாங்கள், பட்டினி கிடப்பதும் நாங்கள். நல்ல நியாயம்.

மதிலுக்கு வெளியே, ஓடைக்குப் பக்கத்தில், உலாந்தாக்காரர்கள் விளையாடுவதற்கு நீளமான ஒரு களம் இருந்தது. களிமண்ணும் கிளிஞ்சல் பொடியும் கலந்து அடித்துக் கெட்டியாக்கிய தரை. இரண்டு முனையிலும் இடுப்பளவு உயரத்தில் ஒவ்வொரு மரக்கம்பம். ஆட்டத்துக்குக் கோல்ப் என்று பேர். பித்தளைத் தலை வைத்த கனமான கோலால், கம்பளி நூல் சுற்றித் தோல் தைத்த பந்தை அடிக்க வேண்டும். பந்து போய்த் தூரத்துக் கம்பத்தைத் தொட வேண்டும், பிறகு திரும்பி வந்து இந்தப் பக்கத்துக் கம்பத்தையும் தொட வேண்டும். குறைந்த அடியில் முடித்தவன் கெட்டிக்காரன். இதற்காகப் பெரிய மனுஷர்கள் மணிக்கணக்கில் வெயிலில் நிற்பார்கள். நான் அங்கே பெருக்குகிற வேலைக்குப் போனேன். என் ஓடையைப் பார்த்துக்கொண்டே அவர்கள் தரையைப் பெருக்கினேன்.

ஒரு நாள் பந்து ஒன்று தவறி என் காலடிக்கு உருண்டு வந்தது. கோட்டைக் கிடங்கில் கணக்கு எழுதும் உலாந்தா எழுத்தர் அங்கிருந்தே விரலைச் சொடுக்கி, எடுத்துக்கொண்டு வா என்று சைகை காட்டினார். கோபம் வந்தால் என் கையும் சும்மா இருக்காது, வாயும் சும்மா இருக்காது. பேமானி, நான் என்ன நீ வளர்க்கிற நாயா என்று சொல்லிக்கொண்டே, கழியில் கட்டிய துடைப்பத்தைத் திருப்பிப் பிடித்து அடிக்கட்டையால் ஒரு வீசு வீசினேன். பந்து தரையோடு தரையாக நேரே போய் அவர் பக்கத்திலிருந்த கம்பத்தில் மோதியது. நல்லவேளையாக அவருக்குத் தமிழ் தெரியாது.

தமிழ் தெரிந்த ஒருவர் அங்கே இருந்தார். அவரை மருந்துத் துரை என்போம். வெடிமருந்து அரைக்கும் இடத்துக்கு மேலாள். ஒரு தடவை மருந்து பற்றிக்கொண்டதில் அவர் வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. அதற்கு முன்னால் அந்தக் களத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பார்கள். இருபது வருஷம் இங்கே இருந்தவர். கல்லும் நெல்லும் கலந்தது போல ஒரு தமிழ் பேசுவார்.

வருஷத்துக்கு ஒரு முறை, கார்த்திகையில் மழை விட்டதும், அவர்களுக்கு ஒரு திருவிழா ஆட்டம் நடக்கும். ஜெயித்தவர் கோட்டைத் தலைவரிடம் ஒன்று கேட்கலாம், அவர் மறுக்கக் கூடாது என்பது வழக்கம். பெரும்பாலும் சாராயப் பீப்பாய்தான் கேட்பார்கள். கை ஊனமானவர் தனக்குப் பதிலாக இன்னொருவரை ஆட வைக்கலாமாம். அந்த இன்னொருவர் யாராக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லையாம். மருந்துத் துரை என்னிடம் வந்து நின்றார்.

“ஆட்டம் எனக்கு. கேட்கிறது உனக்கு,” என்றார்.

அவருக்கு, தன் விரல் போனதிலிருந்து ஜெயித்துக்கொண்டிருக்கும் எழுத்தரைத் தோற்கடித்தால் போதும். எனக்கு ஓடை வேண்டும். ஆட்டத்துக்கு ஒன்றரை மாதம் இருந்தது. சரி என்றேன்.

கோலைக் கையில் வாங்கிய அன்றே எல்லாம் கெட்டது. துடைப்பக் கழியால் நேரே போன பந்து, கோலால் அடித்தால் ஒவ்வொரு தடவையும் இடது பக்கம் ஓடைக்குப் போயிற்று. நான் தண்ணீரில் உட்காருவதுபோல முட்டியை மடக்கிக் குனிந்து நிற்கிறேன் என்றார் துரை. இறாலை ஒதுக்குவதுபோல இரண்டு கையையும் உள்பக்கம் இழுக்கிறேன் என்றார். உண்மைதான். முப்பது வருஷமாக இந்தக் கைகளுக்கு வேறென்ன தெரியும்?

அவர் மாற்ற ஆரம்பித்தார். முதலில் பிடி. சின்னப் பறவையைப் பிடிப்பதுபோலப் பிடி என்றார். நான் பறவை பிடித்ததில்லை, இறாலை நினைத்துக்கொண்டேன். இறுக்கினால் ஓடு நசுங்கும், தளர்த்தினால் துள்ளி ஓடும். அது சரியாக வந்தது. அடுத்து நிற்பது. தண்ணீர்க் குடத்துக்கு வைக்கிற சும்மாட்டைத் தலைமேல் வைத்துக்கொண்டேன். வீசும்போது சும்மாடு விழாவிட்டால் தலை அசையவில்லை என்று அர்த்தம். இதை நானாகக் கண்டுபிடித்தேன், துரைக்கு இதெல்லாம் தெரியாது. பிறகு வீச்சு. முதல் பத்து நாள் எனக்குப் பந்தே தரவில்லை. வெறும் கோலை ஓங்கி, அதன் கனத்திலேயே கீழே இறங்க விட வேண்டும்.

“கை வேண்டாம். கனம் தானா விழட்டும்,” என்பார்.

வெறும் கோலை வீசும்போது நன்றாகத்தான் விழுந்தது. பத்து வீச்சு, ஒரு மூச்சு, மறுபடி பத்து. அது கையில் படியப் படிய எனக்கே ஒரு சுகமாக இருந்தது. பந்தை வைத்ததும் பழைய குருடி கதவைத் திறடி என்று ஆயிற்று. பந்து என்றால் பிடிக்க வேண்டிய பொருள் என்று உடம்பு நினைத்துக்கொள்ளும். தோள் காதுவரை ஏறும், கை உள்ளே இழுக்கும், பந்து ஓடைக்குப் போகும். துரை பந்தை எடுத்துவிட்டு மறுபடி வெறும் கோலைக் கொடுப்பார். மறுபடி நன்றாக விழும். ஒரு வாரம் கழித்துத் தனியாக இருக்கும்போது பந்தும் நேரே போக ஆரம்பித்தது. அன்று பார்த்து எழுத்தர் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பந்து ஓடைக்குப் போயிற்று. அவர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

துரை கையைத்தான் சந்தேகப்பட்டார். முழங்கையில் துணி கட்டிப் பார்த்தார். கட்டை விரலை மாற்றி வைக்கச் சொன்னார். இறுக்காதே, இறுக்காதே என்று கத்தினார். இறுக்காதே என்று ஒருவர் கத்தினால் யாருக்குத்தான் இறுகாது? நான் கோலைத் தரையில் போட்டுவிட்டு, நீயே வந்து அடி என்றேன். அவர் தன் கையைப் பார்த்தார். நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. கோலை எடுத்துக்கொண்டு மறுபடி நின்றேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் காதுக்குக் கீழே விண் விண் என்று வலிக்கும். மழையில் நனைந்த வலி என்று வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொள்வேன்.

எங்கள் குப்பத்தில் பேசாத பேச்சில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்றார்கள். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்றார்கள். எனக்கு ஐம்பதாக இன்னும் பத்து வருஷம் இருக்கிறது, உங்களுக்குத்தான் கூட்டத் தெரியவில்லை என்றேன். சொல்லிவிட்டு வந்தாலும் உள்ளே பயம்தான். மழை தொடங்கியிருந்தது. ஏரி ஏறிக்கொண்டிருந்தது. போன வருஷம் மார்கழிக்குப் பிறகு நாங்கள் எப்படி நாளைத் தள்ளினோம் என்று எனக்குத்தான் தெரியும். இன்னொரு மழைக்காலத்தை அப்படித் தள்ள முடியாது.

என் வீட்டுக்காரர் அடிபட்ட நாளிலிருந்து கோட்டைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. பல் போனதால் பறியையும் கடிக்க முடியாது. அதனால் பறியில் கயிறு கட்டி இடுப்பில் முடிந்துகொண்டு, தூரத்தில் சேறும் சகதியுமாக இருந்த ஒரு கரையில் துழாவிப் பார்த்தார். பெரிதாக ஒன்றும் கிடைக்காது. மற்றவர்கள் கேலி செய்தார்கள், குழந்தைக்கு அரைஞாண் கட்டியதுபோல இருக்கிறது என்று. அவர் பதில் சொல்வதில்லை. அந்த அடிக்குப் பிறகு அவர் யாருக்கும் சரியாகப் பதில் சொல்வதில்லை. பறி இடுப்பில் இருந்தாலும் உதடு ஒட்டியேதான் இருக்கும்.

அவர் ஒரு நாள் களத்துக்கு வந்தார். நான் கஞ்சிக் கலயத்தை மறந்து வந்திருந்தேன். அதைக் கொடுக்க வந்தவர் பூவரச மரத்துக்குப் பின்னால், மதிலிலிருந்து பார்த்தால் தெரியாத இடமாகப் பார்த்து உட்கார்ந்தார். நான் பெருக்கி முடித்ததையும் பார்த்தார், பிறகு கோலால் ஐந்தாறு பந்தை ஓடைப் பக்கம் அனுப்பியதையும் பார்த்தார். கலயத்தை வாங்கப் போனேன்.

“இன்னாமே, பறி எங்க?” என்றார்.

எந்தப் பறி என்றேன்.

“நீ கடிச்சிக்கினு கீறியே, அது.” தன் தாடையைத் தொட்டுக் காட்டினார். “தொடப்பம் எடுக்கசொல்ல ஒனக்கு வாயி மூடறதே இல்ல. காக்காவத் திட்டற, காத்தத் திட்டற. அந்தக் கோலு எடுத்தா மட்டும் பறி கடிக்கிற.”

நான் என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. ஒன்றரை மாதத்தில் ஒரு மாதம் போய்விட்டது. துரை என் கையையும் காலையும் முதுகையும் பார்த்தார். வாயைப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. அவர் பறி கடித்த ஜாதியா என்ன? பல்லைக் கடித்தால் கழுத்து இறுகும், கழுத்து இறுகினால் தோள் ஏறும், தோள் ஏறினால் கை உள்ளே வரும். எல்லாம் ஒரே கயிறு. அதன் முனை என் வாயில் இருந்தது.

தெரிந்துவிட்டால் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. கடிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே ஓங்கினால் முன்னைவிட இறுகிக் கடித்தேன். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அடித்துப் பார்த்தேன். பந்தைத் தொடுகிற நேரத்தில் டக்கென்று மூடிக்கொண்டது. நாக்கைக் கடித்துக்கொண்டதுதான் மிச்சம். உள்ளே இருப்பவனை வெளியே போ என்று சொன்னால் போகமாட்டான், அவன் இடத்தில் வேறொருவனை உட்கார வைக்க வேண்டும் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் வாய்க்கு வேறு என்ன வேலை தெரியும்? பேசத் தெரியும். சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, பந்தை வைத்து, என் வீட்டுக்காரர் பல்லை உடைத்த சிப்பாயை நினைத்து, மெதுவாக, நிறுத்தி நிறுத்தித் திட்டினேன். ஓங்கும்போது அவன் அப்பன், இறக்கும்போது அவன் பாட்டன். கோல் தானாக விழுந்தது. பந்து நேரே போய்க் கம்பத்தைத் தொட்டது. மரத்துக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவர் சிரித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

அன்றிலிருந்து பத்துக்கு எட்டு நேரே போயிற்று. துரை மட்டும் முகத்தைச் சுளித்தார். ஆட்டத்தில் அது நடக்காதாம். கோலை ஓங்கிய பிறகு களத்தில் யாரும் வாய் திறக்கக் கூடாது. அடிப்பவரும்தான். திறந்தால் அந்த அடி செல்லாது. இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம். மிச்சம் இருந்த நாட்களில் சத்தம் வராமல் உதட்டுக்குள் பேசிப் பழகினேன். பத்துக்கு ஆறு வந்தது. திட்டினால் சிரிப்பு வந்துவிடுகிறது என்று, வீட்டில் இருக்கும் சாமான்களின் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். சட்டி, அகப்பை, முறம். அதிலும் கோல் நன்றாகத்தான் விழுந்தது.

திருவிழா அன்று கோட்டை முழுக்கக் களத்தைச் சுற்றி நின்றது. நான் கண்டாங்கிச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நடுவில் போய் நின்றபோது எழுந்த சிரிப்பு ஏரிக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். எங்கள் ஆட்களும் தூரத்தில் நின்று பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் பூவரச மரத்தை விட்டு வெளியே வந்து நின்றிருந்தார். எழுத்தர் நான்கு அடியில் முடித்தார். நான் மூன்றில் முடிக்க வேண்டும்.

சும்மாடு இல்லாமலே தலைமேல் சும்மாடு இருப்பதாக நினைத்துக்கொண்டேன். சட்டி, அகப்பை என்று உதட்டுக்குள் சொன்னேன். முதல் அடி நேரே போய்த் தூரத்துக் கம்பத்துக்கு அருகில் நின்றது. சிரிப்புக் கொஞ்சம் குறைந்தது. இரண்டாவது அடி அந்தக் கம்பத்தில் மோதித் திரும்பிப் பாதிக் களத்துக்கு வந்தது. சிரிப்பு நின்றது. துரை தன் இரண்டு விரலால் தாடியை இழுத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது அடிக்கு நிமிர்ந்து பார்த்தேன். கம்பத்துக்குப் பின்னால், கூட்டத்தை விலக்கி நிறுத்த ஒரு சிப்பாயைப் போட்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் பல்லை உடைத்தவன், அவனேதான்; பெருக்கப் போன இடத்தில் அந்தக் குரலை வைத்து அவன் முகத்தை எப்போதோ தெரிந்துவைத்திருந்தேன். கையில் அதே துப்பாக்கி. அந்தக் கட்டையைப் பார்த்ததும் என் வாய் மூடிக்கொண்டது. பனையோலையின் கசப்பு நாக்கில் தெரிந்தது. சத்தியமாகத் தெரிந்தது. சட்டி என்று சொல்லப் பார்த்தேன், உதடு அசையவில்லை. தோள் காதுக்கு ஏறியது. இப்போது அடித்தால் பந்து ஓடைக்குத்தான் போகும் என்று எனக்குத் தெரியும். கோலை இறக்கிவிட்டுப் பின்னால் வந்தேன். யாரோ சீட்டியடித்தார்கள். பந்து இல்லாமல் வெறும் கோலை ஒரு முறை வீசினேன், மறுபடி ஒரு முறை. தாடை இளகவில்லை.

போன மார்கழியில் பத்தடி தள்ளி இருந்துகொண்டு நான் மூடிய வாய் அது. அன்றைக்கும் இப்படித்தான் இருந்தது. மூடிய வாயோடு அடித்தால் தோற்பேன். திறந்த வாயோடு அடித்தால் அடி செல்லாது. இரண்டிலும் ஓடை இல்லை. அப்படியானால் நான் ஏன் மூட வேண்டும்? எனக்கு அப்போது வந்த கோபத்தை எந்த ஓலையிலும் எழுத முடியாது. பந்துக்கு முன்னால் போய் நின்று, சிப்பாய் முகத்தை நேரே பார்த்து, கோலை ஓங்கினேன். அவன் அன்றைக்குக் கேட்ட கேள்விக்கு, களம் முழுக்கக் கேட்கும்படி பதில் சொன்னேன்.

“நாங்கதான். எறா புடிக்கிறவங்க.”

கோல் தன் கனத்தில் விழுந்தது. நான் அடித்ததாகவே எனக்கு நினைவில்லை. பந்து கம்பத்தில் மோதிய சத்தம் மட்டும் நினைவிருக்கிறது.

அடி செல்லாது என்று கோட்டைத் தலைவர் கையை ஆட்டினார். வாய் திறந்துவிட்டாளாம். எழுத்தர் ஜெயித்ததாகச் சொன்னார்கள். மருந்துத் துரை முகம் சிவந்து அவர்கள் பாஷையில் ஏதோ கத்தினார். நான் அவரைச் சும்மா இருக்கச் சொல்லிவிட்டு, நான் பேசுவதை அப்படியே அவர்களுக்குச் சொல்லுங்கள் என்றேன்.

“வாயைத் தெறக்கலன்னு என் புருசன் பல்லை ஒடைச்சீங்க. வாயைத் தெறந்தேன்னு இப்ப என் ஆட்டம் செல்லாதுன்றீங்க. எங்க வாயி தெறக்கணுமா, மூடணுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க.”

துரை எவ்வளவு சொன்னார், எதை விட்டார் என்று எனக்குத் தெரியாது. அவர் பேசி முடித்தார். தலைவர் என்னைப் பார்த்தார். பிறகு சிப்பாயைப் பார்த்தார். எழுந்து உள்ளே போனார். எழுத்தர் சாராயப் பீப்பாய் கேட்டு வாங்கிக்கொண்டார். நான் கோலைத் துடைத்துத் துரை கையில் கொடுத்துவிட்டுக் களத்தைப் பெருக்கினேன். பெருக்குகிற வேலை என்னுடையதுதானே.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் கயிறு கேட்டேன். அவர் என் பறியை எடுத்து, தன் பறியில் கட்டியதுபோலவே ஓட்டை போட்டுக் கயிறு கோத்துக் கட்டிக் கொடுத்தார். காலையில் ஓடைக்குப் போகப் போகிறேன், கேட்டால் சொல்லப் பதில் இருக்கிறது, வருகிறவர்கள் வரலாம் என்று குப்பத்தில் சொன்னேன். சுடுவார்கள் என்றார்கள். பேசாமல் இருந்தபோது மட்டும் என்ன செய்தார்கள் என்றேன். கேலி பேசியவர்களில் ஆறு பேரும், கூடவே என் வீட்டுக்காரரும் கயிறு கட்டிக்கொண்டு வந்தார்கள்.

பனி இறங்கியிருந்தது. தண்ணீர் எலும்பைத் தொட்டது. நாங்கள் எட்டு பேரும் வரிசையாக இறங்கினோம். இடுப்பில் பறி கட்டியது வசதியாகவே இல்லை, முட்டியில் இடித்துக்கொண்டே வந்தது. என் கை சேற்றைத் தொட்டதும் வாய் மூடப் பார்த்தது. மூட விடவில்லை. பக்கத்திலிருந்தவளிடம் சும்மா எதையாவது பேசிக்கொண்டே துழாவினேன். இறால் பேச்சுச் சத்தத்துக்கு ஓடிவிடும் என்று சிறுவயதில் சொல்லியிருந்தார்கள். அதுவும் பொய். கை நிறையக் கிடைத்தது.

மதில்மேல் பூட்ஸ் சத்தம் வந்து நின்றது. யாரது என்று கேட்டான். குரலிலேயே தெரிந்தது, அவன்தான். சுடுவதற்குத் துப்பாக்கியின் குதிரையைப் பின்னுக்கு இழுக்கும் சத்தமும் கேட்டது.

நான்தான் என்று என் பெயரைச் சொன்னேன். பக்கத்தில் இருந்தவள் தன் பெயரைச் சொன்னாள். அடுத்தவர், அதற்கடுத்தவர் என்று பனிக்குள்ளிருந்து ஒவ்வொரு குரலாக வந்தது. ஏழு குரல் வந்து நின்றுவிட்டது. எட்டாவது வரவில்லை. என் வீட்டுக்காரர் எனக்குப் பத்தடி தள்ளி, மதிலுக்கு நேர் கீழே, போன வருஷம் இருந்த அதே இடத்தில் இருந்தார். அந்த இடத்துக்கு அவராகத்தான் போயிருந்தார். பறி இடுப்பில் இருந்தது. ஆனாலும் அவர் தாடை இரண்டும் இறுகி மூடியிருந்ததைப் பனியிலும் பார்த்தேன். இல்லாத பறியைக் கடித்துக்கொண்டிருந்தார்.

சிப்பாய் மறுபடி கேட்டான்.

இந்த முறை நான் பல்லைக் கடிக்கவில்லை. “சொல்லுய்யா,” என்றேன். “நான் இங்கதான் கீறேன். அன்னிக்கும் இங்கதான் இருந்தேன். நானும் வாயத் தெறக்கல. நீ தெற.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். தாடை ஒரு முறை ஆடியது, இரண்டு முறை ஆடியது. பிறகு தலையை நிமிர்த்தி, மதிலைப் பார்த்து, முன்பல் இல்லாத வாயை முழுசாகத் திறந்து தன் பெயரைச் சொன்னார். அப்பன் பெயரையும் சேர்த்துச் சொன்னார். எறா புடிக்க வந்திருக்கேன் என்றார். கேட்டுக்கிட்டியா என்றும் கேட்டார்.

மேலே துப்பாக்கியின் குதிரை திரும்ப இறங்கும் சத்தம் கேட்டது. பிறகு பூட்ஸ் சத்தம் மெதுவாக அடுத்த மூலைக்கு நகர்ந்து போனது. அவர் சேற்றுக்குள் இருந்த கையை வெளியே எடுத்தார். இரண்டு கையிலும் இறால் துள்ளியது. பறியில் போட்டுவிட்டு, அன்று பொழுது சாயும்வரை பேசிக்கொண்டேதான் இருந்தார்.